மகன் முகம் தெரியாத இருபது நிமிஷம்

நான் பெரிசா ஜெபம் பண்ற பொம்பள இல்ல. அதை முதல்லயே சொல்லிடறேன். ஜெபமாலை சொல்லும்போது பாதியிலயே கண்ணு சொக்கிடும். கோவம் வந்தா மாதாகிட்டயே சண்டைக்கு நிப்பேன். அப்படிப்பட்டவளுக்கும் ஆண்டவர் ஒண்ணு செஞ்சார். அதை இந்த ஜெபக்கூட்டத்துல உங்க முன்னால சொல்லாம வாயை மூடிக்கிட்டு இருந்தா, அது நன்றி கெட்டதனம். அதுக்காகத்தான் எழுந்து நிக்கிறேன்.

என் பேரு ஜெசிந்தா. புதுசா வந்திருக்கிறவங்களுக்குச் சொல்றேன். ஜெலுத்தோங்ல வாடகை வீடு. வீட்டுக்காரர் செல்வத்துக்கு சரக்குக் கப்பல்ல, எஞ்சின் ரூம்ல வேலை. போனா பத்து மாசம் ஆகும், சில தடவை அதுக்கும் மேல. கடுதாசி வரும். வரும்போது அதுல இருக்கிற சேதியெல்லாம் பழசாயிருக்கும்.

இது நடந்தது இந்த வருஷம்தான். எங்க மகன் சேவியருக்கு அப்ப பதிமூணு மாசம். நம்ம தீவையும் அக்கரையையும் சேர்க்கிற பாலம் திறந்து ஏழெட்டு வருஷம் ஆச்சு. நான் அக்கரையில, புக்கிட் தெங்காவுல ஒரு பேக்டரி ஆபீஸ்ல கிளார்க். அதுவரைக்கும் பக்கத்து வீட்டு அம்மாதான் பிள்ளையைப் பார்த்துக்கிட்டாங்க. அவங்க மகளோட இருக்கணும்னு ஈப்போவுக்குப் போயிட்டாங்க. எங்கெங்கயோ கேட்டேன், ஆள் கிடைக்கல. கடைசியில வீட்டுக்காரரோட அக்கா மேரி அண்ணி, அவங்களும் அக்கரையில பட்டர்வொர்த்துல இருக்கிறவங்க, "இங்க கொண்டாந்து விடு, நான் பார்த்துக்கறேன்"னாங்க. அதனால தினமும் விடிஞ்சதும் பிள்ளையை எங்க பழைய காரு, அந்தக் காடியில ஏத்திக்கிட்டு நான் பாலத்தைத் தாண்டணும்.

நம்ம ஆளுங்க காடியில பிள்ளை எங்க உக்காரும்? யாராவது ஒருத்தர் மடியில. அம்மா மடி, இல்லன்னா அத்தை மடி, சித்தி மடி. எனக்கு இருக்கிறது என் மடி ஒண்ணுதான், அதுக்கு முன்னால ஸ்டீரிங் இருக்கு. என்ன செய்வேன்? பெரிய பிரம்புக் கூடையில தலையணையைப் போட்டு, அவனை உக்கார வெச்சு, முன்சீட்டுல வெச்சுக்கிட்டேன். ஓட்டிக்கிட்டே ஒரு கையால கூடையைப் பிடிச்சுக்குவேன்.

ஒரு திங்கட்கிழமை காலையில, எங்க வீட்டுத் திருப்பத்துலயே ஒரு நாய் குறுக்க ஓடிச்சு. பிரேக்கை மிதிச்சேன். கூடையும் பிள்ளையும் ஒண்ணா முன்னால போய், டாஷ்போர்டுல இடிச்சு, கீழே கவுந்துடுச்சு. உதடு கிழிஞ்சு வாயெல்லாம் ரத்தம். காடியை ஓரமா நிறுத்தி அவனை அள்ளி எடுத்தேன். எனக்கு அழுகைகூட வரல. சுத்திப் பார்க்கிறேன், கூப்பிடறதுக்கு ஒரு ஆள் இல்ல. அம்மா அப்பா போய்ச் சேர்ந்துட்டாங்க. புருஷன் எந்தக் கடல்ல இருக்கார்னுகூடத் தெரியாது.

அன்னைக்குத்தான் ஜெபிச்சேன். ஜெபம்னு எங்க சொல்றது, சண்டைதான். "ஆண்டவரே, நான் வீடு கேட்டேனா, நகை கேட்டேனா? காலையில இருபது நிமிஷம் என் பிள்ளையைப் பிடிச்சுக்க ஒரு ஆள் கொடுங்க. ஒரே ஒரு ஆள். அதுகூட முடியாதா உங்களால?"

ஆள் வரல. அந்த வாரமே ஆபீஸ்ல ஒரு சீன அக்கா, பிள்ளைங்களுக்குன்னே காடியில வைக்கிற சீட்டு இருக்கு, பர்மா ரோட்டுல ஒரு கடையில பார்த்தேன்னு சொன்னாங்க. சனிக்கிழமை போனேன்.

கடையில ரெண்டே ரெண்டு சீட்டு. ஒண்ணு புத்தம் புதுசு. கரடிப் பொம்மை போட்ட துணி, முன்னால சின்ன ஸ்டீரிங் வேற. நம்மளை மாதிரியே முன்னால பார்த்து உக்காரும். இன்னொண்ணு சாம்பல் கலர்ல, கனமா, பார்க்கிறதுக்கே முரட்டுத்தனமா இருந்துச்சு. வேலை முடிஞ்சு ஊருக்குப் போன ஒரு வெள்ளைக்கார இன்ஜினியர் வீட்டம்மா கடையில விட்டுட்டுப் போனதாம். "இதை யாரும் வாங்கறதில்ல லா. பிள்ளை பின்னால பார்த்துக்கிட்டுப் போகும், யாருக்குப் பிடிக்கும்?"னு கடைக்கார அம்மா சிரிச்சாங்க.

எனக்கும் பிடிக்கல. காரணத்தை ஒளிக்காமச் சொல்றேன். அந்த வீட்டுல நான் பேச, என் முகத்தைப் பார்க்க, அவன் ஒருத்தன்தான். காலையில அந்த இருபது நிமிஷமும் நான் பேசுவேன், அவன் பொக்கை வாயைக் காட்டுவான். கரடி சீட்டுன்னா பின்னால வெச்சாலும் கண்ணாடியில அவன் முகம் தெரியும். முரட்டு சீட்டுன்னா சீட்டோட முதுகுதான் தெரியும். முன்னால வைக்கலாம்னா எங்க காடி சின்னது, அது உள்ளயே நுழையாது. அந்த முகமும் இல்லன்னா அப்புறம் எனக்கு என்ன இருக்கு?

கரடி சீட்டைத்தான் கையில எடுத்தேன். அப்பத்தான் அந்தப் பழைய சீட்டு மேல நூல் கட்டி ஒரு தாள் தொங்கறதைப் பார்த்தேன். என்ன பாஷைன்னு தெரியல, ஆனா படம் புரிஞ்சுது. காடி மோதுது. முன்னால பார்த்திருக்கிற பிள்ளையோட தலை கழுத்தோட முன்னால வீசுது. பின்னால பார்த்திருக்கிற பிள்ளையோட முதுகையும் தலையையும் சீட்டே தாங்கிக்குது. அந்தக் கூடை எந்தப் பக்கமா போச்சுன்னு யோசிச்சேன். முன்னாலதானே? இதுக்கு மேல யாரு வந்து எனக்குச் சொல்லணும்? கடையில நின்னுக்கிட்டே மனசுக்குள்ள, "உங்ககிட்ட ஆள் கேட்டா பிளாஸ்டிக்கைக் காட்டறீங்களா?"ன்னு கேட்டுட்டு, அந்த முரட்டு சீட்டையே எடுத்துக்கிட்டேன். ஒர்க்ஷாப்புல சொல்லி பின்சீட்டுக்கு பெல்ட் போட்டு, அதை இறுக்கிக் கட்டினேன்.

அதுக்கப்புறம் ரெண்டு மாசம். அப்பப்பா! பாலத்துல ஏறினா ஆரம்பிப்பான், இறங்கற வரைக்கும் கத்துவான். "அம்மா இங்கதான்டா இருக்கேன்"னு நானும் கத்துவேன். பாட்டுப் பாடுவேன். கண்ணாடியைப் பார்த்தா சாம்பல் கலர் முதுகு. தனியா இருக்கிறதுன்னா என்னன்னு எனக்குத் தெரியும்னு நினைச்சிருந்தேன். பெத்த பிள்ளை ஒரு முழம் தள்ளி அழுதுக்கிட்டு இருக்கும்போது அவன் முகத்தைப் பார்க்க முடியாம ஓட்டிக்கிட்டுப் போனப்பதான் உண்மையிலயே தெரிஞ்சுது.

மேரி அண்ணி, "தப்பு பண்ணின பிள்ளையைச் சுவத்தைப் பார்த்து நிக்க வைக்கிற மாதிரி இருக்கு"ன்னாங்க. நம்ம கூட்டத்துல மட்டும் என்ன? வெள்ளிக்கிழமை ஜெபத்துக்கு என் காடியில வந்துக்கிட்டிருந்த அக்காமாருங்க, "மடியில கொடு, நாங்க பிடிச்சுக்கறோம்"னாங்க. நான் மாட்டேன்னுட்டேன். மடியில இருந்தாலும் முன்னால போயிடுவான்னு சொன்னேன். நான் சொன்ன விதமும் சரியில்ல, வெடுக்குன்னு சொல்லிட்டேன். "எங்க கை மேல நம்பிக்கை இல்லியா?"ன்னு கேட்டாங்க. அடுத்த வாரத்துல இருந்து டாக்ஸியில வந்தாங்க. காடியில நானும் அந்தச் சீட்டோட முதுகும்தான்.

இப்ப பிலோமினா அக்காவைப் பத்திச் சொல்லணும். அக்கா, நீங்க இங்கதான் உக்காந்திருக்கீங்க, கோவிச்சுக்காதீங்க. ஒரு வெள்ளிக்கிழமை நான் பாட்டுப் புத்தகத்தையெல்லாம் அடுக்கி வெச்சுட்டு வெளியில வர்றேன், பிள்ளையையும் சாவியையும் வாங்கிக்கிட்டு முன்னாலயே போன அக்கா என் காடிகிட்ட சிரிச்சுக்கிட்டு நிக்கிறாங்க. சீட்டைக் கழட்டி, முன்னால பார்க்கிற மாதிரி திருப்பி வெச்சு, பக்கத்துல ரெண்டு தலகாணியைச் சொருகியிருக்காங்க. "பாவம்மா பிள்ளை, இப்ப பாரு எப்படி இருக்கான்"னாங்க. அவங்க கண்ணுல தண்ணி. அன்புலதான் செஞ்சாங்க. நான் சாவியை வாங்கிக்கிட்டு ஏறி உக்காந்துட்டேன்.

வீட்டுக்குப் போற வழியில சேவியர் ஒரு தடவைகூட அழல. கண்ணாடியில என்னைப் பார்த்துக் கையைத் தட்டறான். நானும் சிரிக்கிறேன், அழறேன், பாடறேன். ரெண்டு மாசத்துல எனக்குக் கிடைச்ச ஒரே சந்தோஷம் அதுதான். இதுதான் ஜெபத்துக்குப் பதில்னே முடிவு பண்ணிட்டேன்.

சனி, ஞாயிறு அப்படியே விட்டுட்டேன். ஞாயிறு பூசைக்கும் அப்படியேதான் போனேன். திங்கட்கிழமை காலையில பிள்ளையைத் தூக்கி வைக்கிறதுக்கு முன்னால சீட்டைக் கையால லேசா இழுத்துப் பார்த்தேன். என் கையோடயே வந்துடுச்சு. அது அப்படி வைக்கிறதுக்குச் செஞ்ச சீட்டே இல்ல. தலகாணிதான் தாங்கிக்கிட்டு இருந்துச்சு. அங்கயே படியில உக்காந்துட்டேன். "ஆண்டவரே, அவன் முகத்தையாவது எனக்கு விட்டு வைக்கக் கூடாதா?"ன்னு கேட்டு அழுதேன். எழுந்து சீட்டைப் பழையபடி திருப்பி, முட்டியை வெச்சு அழுத்தி பெல்ட்டை இறுக்கினேன். அவன் மறுபடியும் கத்த ஆரம்பிச்சான்.

அந்த வாரமே வியாழக்கிழமை. பாலத்துல பாதி தூரம் வரைக்கும் வழக்கம்போல கத்தினான். அப்புறம் டக்குன்னு சத்தம் நின்னுடுச்சு. தூங்கிட்டான்போலன்னு நினைச்சேன். பாலம் இறங்கற வரைக்கும் சத்தமே இல்ல. மூச்சு விடறானா, தொண்டையில ஏதாவது சிக்கிடுச்சா? "சேவியர், சேவியர்"னு கூப்பிட்டுக்கிட்டே கண்ணாடியைப் பார்த்தேன். என்ன தெரியப் போகுது? ஆனாலும் பார்த்தேன். அந்த ஒரு நொடியில முன்னால போன லாரி நின்னுடுச்சு. தப்பு என் மேலதான், லாரிக்காரர் மேல இல்ல. போய் மோதினேன்.

நெத்தி ஸ்டீரிங்ல இடிச்சு கண்ணுல ரத்தம் வழியுது. என் பக்கக் கதவு திறக்கல. கால் மாட்டிக்கிச்சு. வலி எதுவும் தெரியல எனக்கு. தெரிஞ்சதெல்லாம் பின்னால சத்தமே இல்லங்கறது மட்டும்தான். எவ்வளவு கத்துவான் என் பிள்ளை! அந்தக் கத்தலைக் கேட்கக் கூடாதான்னு ஏங்கினேன். திரும்பிப் பார்க்கிறேன், அதே முதுகு. கை எட்டல. "நீங்க பாருங்க, என்னால பார்க்க முடியல, நீங்க பாருங்க"ன்னு மட்டும்தான் திரும்பத் திரும்பச் சொன்னேன்.

பின்கதவு திறக்கிற சத்தம் கேட்டுச்சு. ஒரு மலாய்க்காரர், ஐம்பது வயசு இருக்கும், ஹெல்மெட்டைக்கூடக் கழட்டல. உள்ள குனிஞ்சு பார்த்தவர், மலாய்ல, "தங்கச்சி, பிள்ளைக்கு ஒண்ணும் ஆகல. ஒரு கீறல்கூட இல்ல. என்னைப் பார்த்துச் சிரிக்கிறான்"னார்.

எனக்கு நம்பிக்கை வரல. "ஏன் சத்தமே இல்ல?"ன்னு கேட்டேன். அவர் சொன்னது இன்னும் என் காதுலயே நிக்குது. "நான் பிறை டவுனுக்கு வேலைக்குப் போறவன். இப்ப கொஞ்ச நாளா தினமும் மோட்டார் சைக்கிள்ல உங்க பின்னாலதான் வர்றேன். இவன் காடியோட பின்கண்ணாடி வழியா என்னைப் பார்த்து அழுவான். நான் தலையை ஆட்டுவேன், நாக்கை நீட்டுவேன், மூஞ்சியைக் கோணலா வெச்சுக் காட்டுவேன். இன்னைக்குத்தான் முதல் தடவையா சிரிச்சான். பாதிப் பாலத்துல இருந்து ரெண்டு பேரும் விளையாடிக்கிட்டுத்தான் வந்தோம்."

எனக்கு அங்கதான் அழுகை வந்துச்சு. மோதினதுல இருந்து வராத அழுகை.

ஆஸ்பத்திரியில எனக்கு நெத்தியில ஆறு தையல், கால்ல மாவுக்கட்டு. பிள்ளையைத் தலையில இருந்து கால் வரைக்கும் பார்த்த டாக்டர், "சீட்டு எந்தப் பக்கம் பார்த்து இருந்துச்சு?"ன்னு கேட்டார். சொன்னேன். "அதனாலதான்"னு சொல்லிட்டுப் போயிட்டார். பிலோமினா அக்கா மதியமே ஓடி வந்தாங்க. கட்டில் பக்கத்துல நின்னுக்கிட்டு, "நான் வெச்ச மாதிரியே விட்டிருந்தியாடி?"ன்னு கேட்டாங்க. இல்லக்கான்னேன். அவங்க பிள்ளையை வாங்கி மடியில வெச்சுக்கிட்டாங்க.

இப்ப காலும் காடியும் தேறிடுச்சு, ஆனா எல்லாம் சரியாயிடுச்சுன்னு சொன்னா அது பொய். வீட்டுக்காரர் இன்னும் கப்பல்லதான் இருக்கார். வெள்ளிக்கிழமை அக்கா பின்சீட்டுல பிள்ளை பக்கத்துல உக்காந்து வர்றாங்க. மத்த நாள் நானும் அவனும் மட்டும்தான். கண்ணாடியில இப்பவும் அந்த முதுகுதான். அவன் அழுதா எனக்கு இப்பவும் மனசு பிசையும். ஆனா முன்ன மாதிரி நான் ஆண்டவர்கிட்ட சண்டை போடறதில்ல. கொஞ்சமாத்தான் போடறேன்.

உங்கள்ல எத்தனை பேருக்குக் கண்ணால பார்க்க முடியாத இடத்துல ஒரு பிள்ளை இருக்குன்னு எனக்குத் தெரியாது. சிங்கப்பூர்ல வேலைக்குப் போனது, ஆஸ்பத்திரியில கிடக்கிறது, கோவிச்சுக்கிட்டுப் போய்ப் பேசாம இருக்கிறது. இந்த நேரத்துல என்ன செய்யுதோ, அழுதோ சிரிக்குதோன்னு ராவும் பகலும் உள்ளுக்குள்ள செத்துப் பிழைச்சுக்கிட்டு இருப்பீங்க. உங்களால செய்ய முடிஞ்சதைச் செஞ்சு, பெல்ட்டை நல்லா இறுக்கிக் கட்டுங்க. அதுக்கு மேல அவர்கிட்ட விட்டுடுங்க. நான் என் மகன் தனியா அழறான்னு நினைச்சு அழுதுக்கிட்டு இருந்த அத்தனை நாளும், அவனைச் சிரிக்க வைக்க அவர் ஒருத்தரை மோட்டார்ல அனுப்பிக்கிட்டு இருந்திருக்கார். அந்த மனுஷன் பேரைக்கூட நான் கேட்டு வெச்சுக்கல.