அண்ணியின் கைக்கு அடங்கிய பிச்காரி

கடைக்காரர் எடுத்துக் கொடுத்த பிச்காரிகளை ஒவ்வொன்றாக வலது கையால் மட்டும் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். இடது கையை முதுகுக்குப் பின்னால் வைத்திருந்தேன். வண்ணம் பூசித் தண்ணீர் அடித்து விளையாடும் ரங்கபஞ்சமிக்கு முந்தின மாலை அது. தேஹு ரோடு கடைத்தெரு முழுவதும் வண்ணப்பொடி மணம். தண்ணீர் பீச்சும் துப்பாக்கிக்குத் தமிழில் வேறு பெயர் இருக்கக்கூடும் என்பதே புனேயில் பிறந்து வளர்ந்த எனக்கு அப்போது தெரியாது. எனக்குப் பதின்மூன்று வயது. பக்கத்தில் அண்ணி நின்றிருந்தாள். பிச்காரி எனக்கு என்றுதான் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். நான் அவளுக்காகத் தேடிக்கொண்டிருந்தேன்.

அம்மா இறந்த மறு வருஷம் அண்ணனுக்குக் கல்யாணம் நடந்தது. அப்பாவுக்கும் அண்ணனுக்கும் ராணுவத் தளவாடக் கிடங்கில் வேலை. அம்மா போன பிறகு எங்கள் குவார்ட்டர்ஸ் வீட்டில் மூன்று பேரும் அவரவர் தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் படுத்துக்கொள்வோம். பேச்சு என்று பெரிதாக ஒன்றும் இருக்காது. அந்த வீட்டுக்குத்தான் குடியாத்தத்திலிருந்து அண்ணி வந்தாள். அவளுக்கு இந்தி தெரியாது, மராத்தி தெரியாது. நான் பேசுகிற தமிழிலும் பாதி புரியாது. பள்ளிவிட்டு வந்து, “பூக் லகுது அண்ணி” என்று நான் சொன்னால் கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்துவிட்டு, பசி என்று ஊகித்துக்கொண்டு சோறு போடுவாள்.

கைக்குழந்தையாக இருந்தபோது கொதிக்கிற கஞ்சி கொட்டி அவளுடைய இடது கை வெந்துபோயிருந்தது. புண் ஆறியபோது கடைசி மூன்று விரல்களும் உள்ளங்கையோடு மடங்கி நின்றுவிட்டன. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மட்டும் தப்பின. வீட்டுக்குள் அந்தக் கையால் அவள் செய்யாத வேலை கிடையாது. முருங்கைக்கீரையை என்னைவிட வேகமாக உருவுவாள். ஆனால் வாசலைத் தாண்டினால் கை முந்தானைக்குள் போய்விடும். குழாயடியில் ஒரு கையாலேயே குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொள்வாள். அடுத்த வீட்டு மராத்திக்காரம்மாவை நாங்கள் காக்கூ என்று கூப்பிடுவோம். புது மருமகள் ரொம்ப அடக்கம் என்று காக்கூ அப்பாவிடம் பாராட்டிச் சொன்னாள். அப்பா தலையாட்டிவிட்டு உள்ளே வந்துவிட்டார்.

அண்ணி வந்த பிறகு வந்த முதல் ரங்கபஞ்சமிக்கு எங்கள் வரிசை முழுக்கத் தெருவில் இறங்கியது. காக்கூ வந்து கதவைத் தட்டி, வஹினியை வெளியே அனுப்பு என்றாள். மராத்தியில் வஹினி என்றால் அண்ணிதான். தனக்கு ஜுரம் என்று சொல்லச் சொன்னாள் அண்ணி. சொன்னேன். அன்று முழுக்க ஜன்னல் கம்பிக்குப் பின்னால் நின்று அவள் வேடிக்கை பார்த்தாள். யாரோ குறி தவறி மாட்டின் மேல் தண்ணீர் அடித்தபோது அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்ததை வெளியிலிருந்து நான் பார்த்தேன். எங்கள் வீட்டுக்கு வந்து அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. ராத்திரி சாப்பிடும்போது ஏன் வரவில்லை என்று கேட்டேன். “அத்த ரெண்டு கையால புடிக்கணும்ல பாப்பா” என்று மட்டும் சொன்னாள்.

அந்தப் பேச்சு ஒரு வருஷம் எனக்குள்ளேயே கிடந்தது. அடுத்த ரங்கபஞ்சமி நெருங்கியதும், துணைக்கு வரச்சொல்லி அவளை ஷேர் ஆட்டோவில் கடைத்தெருவுக்குக் கூட்டிப்போனேன். ஒரு கையால் ஆளக்கூடிய பிச்காரி ஒன்று எங்காவது இருக்கும் என்று நம்பினேன். நீளக்குழாய் வகையை எடுத்த எடுப்பிலேயே ஒதுக்கினேன். ஒரு கை குழாயைப் பிடிக்க, இன்னொரு கை தண்டை இழுக்கவேண்டும். முதுகில் மாட்டுகிற தொட்டி வகைக்கும் அதே கதைதான். பெரிய துப்பாக்கி ஒன்று பார்க்க மிரட்டலாக இருந்தது. தண்ணீர் நிரப்பியதும் மணிக்கட்டு கீழே சாய்ந்துவிட்டது. கடைசியாகக் கண்ணாடிபோல் தெரிகிற பச்சைப் பிளாஸ்டிக்கில், உள்ளங்கை அளவில் ஒன்றைக் கடைக்காரர் கொடுத்தார். பொம்மை என்று நினைத்தேன். விசையை அழுத்தினால் அதன் ஊசித்துளையிலிருந்து நூல் பிடித்த மாதிரி தண்ணீர் போய்க் கடையை ஒட்டிய சந்தின் எதிர்ச்சுவரில் அடித்தது. பெரியதன் தண்ணீர் பாதித் தூரத்திலேயே சிதறி விழுந்திருந்தது. இதன் மூடியைத்தான் ஒரு கையால் திறக்க முடியவில்லை. பல்லால் கடித்து இழுத்தேன்.

அண்ணி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இன்னாத்துக்கு ஒரு கையாலயே பாக்கற?”

முதுகுக்குப் பின்னால் இருந்த கையை எடுத்து முன்னால் விட்டேன். அண்ணி குனிந்து அந்தக் கையைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது என்று அவள் முகத்திலிருந்தே தெரிந்தது. திட்டப்போகிறாள் என்று பயந்தேன்.

“இங்க குடு” என்றாள். அத்தனை கூட்டத்துக்கு நடுவில் முந்தானையை விலக்கி இடது கையை வெளியே எடுத்தாள். மடங்கியிருந்த மூன்று விரல்களுக்குள் அந்தப் பச்சைப் பிச்காரியின் பிடியை நுழைத்தாள். கச்சிதமாகப் போய் உட்கார்ந்தது. ஆள்காட்டி விரல் தானாக விசையின் மேல் நின்றது. வேறு எதன் பிடியும் அந்த மடிப்புக்குள் நுழைந்திருக்காது. வலது கையால் சுலபமாக மூடியைத் திறந்து தண்ணீர் நிரப்பி, எதிர்ச்சுவரில் நான் நனைத்த இடத்திலேயே அடித்தாள். நான் தேடிய மாதிரி ஒன்று அவளுக்குத் தேவையே இல்லை. பிடி சின்னதாக இருந்தால் போதும். கடைக்காரர் எதையும் கவனிக்காமல் அடுத்தவருக்குப் பொடி கட்டிக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலையில் அண்ணன் வாசற்படியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தான். அவன் தண்ணீர் விளையாடுவதை அம்மா போனதோடு விட்டிருந்தான். திடீரென்று அவன் காதில் தண்ணீர் பாய்ந்தது. ஏதோ வாண்டு என்று அதட்டிக்கொண்டே திரும்பினான். தெருவில் அண்ணி கையை நீட்டியபடி நின்றிருந்தாள். அவனுடைய பார்வை கையில் நின்று, பிறகு சுற்றியிருந்தவர்கள் மேல் போனது. எல்லோரும் அந்தக் கையைத்தான் பார்த்தார்கள். கூச்சல் அடங்கிவிட்டது. அண்ணியின் கை மெல்லத் தாழ்ந்தது.

காக்கூ கிட்டே வந்து என்ன ஆயிற்று என்று இந்தியில் கேட்டாள். அண்ணி தனக்குத் தெரிந்த இந்தியைக் கூட்டி, வெந்துபோச்சு, அப்போ சின்னப் பிள்ளை என்றாள். காக்கூ அந்தக் கையைப் பிடித்து, திருப்பி, பிச்காரியையும் சேர்த்துப் பார்த்தாள்.

“அப்போ போன வருஷம் உனக்கு வந்த ஜுரம் இதுதானா?” என்று மராத்தியில் கேட்டாள். நான் தமிழில் சொன்னதும் அண்ணி தலை குனிந்து, ஆமாம் என்றாள். காக்கூ அவள் கன்னம் இரண்டிலும் குலால் பொடி பூசி, மிச்சத்தை அந்தக் கையில் மணிக்கட்டுவரை தடவிவிட்டாள். அதற்குள் அண்ணன் எழுந்திருந்தான். அவளை உள்ளே கூட்டிப்போகத்தான் எழுந்தான் என்று நினைத்தேன். காக்கூவின் வாளியைத் தூக்கி அப்படியே அவள் தலையில் கவிழ்த்துவிட்டு ஓடினான். அண்ணி துரத்தித் துரத்தி அடித்தாள். அண்ணன் ஓடி நான் பார்த்தது எத்தனையோ நாளைக்குப் பிறகு. அப்பா ஜன்னலுக்குப் பின்னால் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அதுவரை வெளியே போகும்போதெல்லாம் அண்ணன் அண்ணியின் இடப்பக்கமாகவே நடப்பான். கையை மறைக்கத்தான் அப்படி நடந்தான் என்பது, அவன் அதை விட்ட பிறகே எனக்கு உறைத்தது. அண்ணிக்கு அது முதல் நாளே தெரியும் என்று பின்னாளில் சொன்னாள். தெரிந்தும் அவனிடம் எதுவும் சொன்னதில்லையாம்.

இப்போது நான் லோஹேகாவ் பக்கம் அடுக்குமாடியில் இருக்கிறேன். எங்கள் சொசைட்டியில் தண்ணீர்த் தட்டுப்பாட்டால் வெறும் பொடிதான் பூசுகிறார்கள். இந்த வருஷம் மகளைத் தேஹு ரோட்டுக்கே கூட்டிப்போனேன். அண்ணன் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற பிறகும் அவனும் அண்ணியும் அங்கேயே வீடு கட்டிக்கொண்டு தங்கிவிட்டார்கள். நாங்கள் போய் இறங்கும்போது இருவரும் பால் வாங்கப் புறப்பட்டுக்கொண்டிருந்தார்கள். அண்ணனுக்கு முழங்கால் வலி. அண்ணி முன்னால் போய்விட்டு நின்று நின்று அவனைக் கூட்டிப்போகிறாள். ஸ்டேஷன் ரோட்டைக் கடக்கும் இடத்தில் அண்ணன் கையை நீட்டினான். அவன் பார்வை வருகிற பஸ்ஸின் மேல் இருந்தது. அண்ணியின் எந்தக் கை கிடைத்ததோ அதைப் பிடித்துக்கொண்டு கடந்தான்.