நாலாம் நம்பர் ரூம் டிவி

எனக்கு யாரையும் எளிதில் நம்ப வராது. பிறவிக் குணமா, தொழில் தந்த குணமா தெரியவில்லை. குற்றாலத்தில் ஐந்தருவிக்குப் போகிற சாலையில் வீட்டை ஒட்டி நாலு ரூம் கட்டி, சீசனுக்கு வாடகைக்கு விடுகிறோம். வந்து இறங்குகிறவர்கள் நிஜக் குடும்பமா, சொல்லிக்கொள்கிற குடும்பமா என்பதை அவர்கள் காலி செய்து போன பிறகு படுக்கை விரிப்பைப் பார்த்தே சொல்லிவிடுவேன். நம் துண்டைச் சுருட்டித் தன் பைக்குள் வைத்தவர் சாவியைத் திருப்பிக் கொடுக்கும்போது ரொம்பச் சிரிப்பார். அதுவும் எனக்குத் தெரியும்.

என் வீட்டுக்காரர் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்தவர். "ஏட்டி, உன்னைய போலீசுல சேத்திருக்கணும்" என்பார். அவருக்கு வீட்டு டிவியில் நாள் முழுக்க நியூஸ் ஓட வேண்டும். மற்றபடி ஒரு துரும்பைக்கூட நகர்த்த மாட்டார். கல்யாணமாகி இத்தனை வருசத்தில் அவர் மாப்பைக் கையில் எடுத்தது ஒரே ஒரு நாள்தான். போன ஐப்பசியில், தீபாவளி முடிந்த வியாழக்கிழமை, கடையத்தில் தங்கச்சி வீட்டுக்குப் போய்விட்டுச் சாயங்காலம் வந்து பார்க்கிறேன், நாலாம் நம்பர் ரூமைத் துடைத்து, விரிப்பை மாற்றி, ஊதுபத்திகூடக் கொளுத்தி வைத்திருக்கிறார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. பால்காரரிலிருந்து பக்கத்து லாட்ஜ் வரைக்கும் சொல்லித் தீர்த்தேன்.

நாலாம் நம்பர் எனக்குப் பிடித்த ரூம். அந்த ஐப்பசிக்கு முந்தின ஆடியில் மதுரையிலிருந்து ஒரு குடும்பம் வந்து மூன்று நாள் தங்கியது. ரூம் டிவியில், மாதச் சந்தா கட்டிப் படம் பார்க்கிற தங்கள் கணக்கைப் போட்டுப் படம் பார்த்தார்கள். போகும்போது அதை எடுக்க மறந்துவிட்டார்கள். சீசன் முடிந்து ரூம்கள் காலியான ஒரு மத்தியானம், தூசி தட்டப் போன இடத்தில் டிவியைப் போட்டேன். அவர்கள் வீட்டுப் பிள்ளைகளின் பெயரெல்லாம் திரையில் வரிசையாக நின்றது. அதில் ஒன்றை அமுக்கினேன். திருட்டு என்று அப்போது தோன்றவில்லை. அவர்கள் விட்டுப்போன சோப்பைத் துணி துவைக்க எடுத்துக்கொள்வதில்லையா, அது மாதிரி என்று நினைத்துக்கொண்டேன்.

ஏதோ பனி நாட்டுப் போலீஸ் தொடர், தமிழில் டப் செய்தது. ஊரில் ஒரு பெண் காணாமல் போகிறாள். ஊரே தேடுகிறது. தேடுகிறவர்களில் முதல் ஆளாக டார்ச் லைட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிற ரொட்டிக்கடைக்காரன்தான் கொன்றவன். எட்டுப் பகுதியையும் ஐந்து மத்தியானத்தில் முடித்தேன். அப்புறம் மறுபடி முதலிலிருந்து. மூன்றாவது முறையும் பார்த்தேன். கதை தெரிந்துபோன பிறகு எதற்குப் பார்க்கிறாய் என்று கேட்டால், தெரிந்த பிறகுதான் பார்க்கவே முடியும் என்பேன். முதல் தடவை நாம் கதையின் பின்னால் ஓடுகிறோம். இரண்டாம் தடவைதான் பொய் சொல்கிறவனின் முகத்தைப் பார்க்க நேரம் கிடைக்கிறது. அவன் எல்லோருக்கும் ரொட்டி கொடுக்கிறான், அந்தப் பெண்ணின் அப்பாவைத் தவிர. முதல் தடவை அதை நான் கவனிக்கவே இல்லை.

கார்த்திகை பிறந்து இரண்டு நாளில், நாலாம் நம்பரில் இருக்கும்போது போன் வந்தது. மதுரைக்காரப் பெண். சுற்றி வளைக்காமல் கேட்டாள்.

"ஆடியில உங்க ரூம்ல தங்கினோம்மா. அந்த ரூம் டிவியில எங்க கணக்கு ஓடிக்கிட்டே இருக்கு. ரூம்ல யாரு இருக்கா?"

அகப்பட்டுக்கொண்டோம், கம்ப்ளெயின்ட் கொடுக்கப் போகிறாள் என்று ஓடியது புத்தி. ஊரையே சந்தேகப்படுகிற நான், நொடியில் பொய் சொன்னேன்.

"ரூமுக்கு ஆளு வருதாவ, போறாவ. அவிய என்ன பாக்காவன்னு எனக்கு எப்படிம்மா தெரியும்?"

"எத்தனை பேரு வருவாங்க?"

"ரெண்டு பேரு."

"ஆம்பளையும் பொம்பளையுமா?"

"ஆமா."

"வெள்ளைக் கார்லயா?"

எப்படியாவது போனை வைத்தால் போதும் என்றிருந்தது. "ஆமாம்மா, வெள்ளைதான்" என்றேன்.

"அது எங்க வீட்டுக்காரரு. வாராவாரம் தென்காசி, செங்கோட்டை லைனுக்குப் போறேன்னு சொல்லிட்டுத்தான் கிளம்புவாரு" என்றாள். போன் கட்டாகிவிட்டது.

நான் அந்தக் கட்டிலிலேயே உட்கார்ந்துவிட்டேன். என் தோலைக் காப்பாற்றிக்கொள்ள, முகம்கூட நினைவில் இல்லாத ஒரு மனுசனைக் கொண்டுபோய்ப் பலி கொடுத்திருந்தேன். அவர் லைனுக்குப் போகிறார், மருந்தோ பிஸ்கட்டோ விற்கிறார், வீட்டுக்குத் திரும்புகிறார். அவ்வளவுதான் அவர் செய்த பாவம். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. கூப்பிட்டுச் சொல்லிவிட வேண்டும் என்று போனை எடுப்பேன், வெட்கம் பிடுங்கித் தின்னும், வைத்துவிடுவேன். மறுநாள் காலையில்தான் தைரியம் வந்தது.

"நேத்து நான் சொன்னது பொய்ம்மா. ரூமுக்கு ஒருத்தரும் வரல. டிவி பாத்தது நான்தான்."

"அவரு உங்ககிட்ட பேசிட்டாரா?" என்றாள். குரல் கரகரத்திருந்தது. "எவ்வளவு கொடுத்தாரு?"

எனக்குக் கோபம் வரவில்லை. அவள் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன்.

"தாயி, நீ அந்தத் தொடர்ல எத வேணும்னாலும் கேளு" என்றேன்.

கேட்டாள். அவளும் அதைப் பார்த்திருக்கிறாள். காணாமல் போன பெண்ணின் சைக்கிள் எங்கே கிடைத்தது, போலீஸ்காரியின் அம்மா எப்போது செத்தாள், ஆறாவது பகுதி எங்கே முடிகிறது என்று கேட்டுக்கொண்டே போனாள். எல்லாவற்றையும் சொன்னேன். ரொட்டி விசயத்தையும் சொன்னேன். அதை அவள் கவனித்ததில்லை போலிருக்கிறது, "ஆமா, அப்பாவுக்கு மட்டும் கொடுக்க மாட்டான்" என்று மெதுவாகச் சொன்னாள். அழுகிறாள் என்று அப்புறம்தான் தெரிந்தது.

"நேத்து ராத்திரி பிள்ளை தலையில அடிச்சு சத்தியம் பண்ணாரு அக்கா. நான் நம்பல. வாசல்ல போய்ப் படுத்துக்கிட்டாரு. இன்னைக்கு யாரோ நீங்க சொல்றீங்க, உங்கள நம்புறேன் பாருங்க."

அக்கா என்று கூப்பிட்டது எனக்குச் சுருக்கென்றது. மன்னித்துவிடு என்றேன். பரவாயில்லை என்றாள். கணக்கை அந்த டிவியிலிருந்து எடுத்துவிடுகிறேன் என்றும் சொன்னாள். வைக்கப் போகிற நேரத்தில், "ஒண்ணு மட்டும் அக்கா" என்றாள். எந்த டிவியில், என்றைக்கு, என்ன ஓடியது என்பதெல்லாம் பட்டியலாக அவள் போனில் வருமாம்.

"தீபாவளி முடிஞ்ச வியாழக்கிழமை மத்தியானம் வேற ஒண்ணு ஓடியிருக்கு. போலீஸ் கதை இல்ல, காதல் கதை. மூணாவது பகுதியில பாதியில நிக்குது. அதே டிவிதான். அதுவும் நீங்கதானா?"

நான் அன்றைக்குக் கடையத்தில் இருந்தேன். தங்கச்சி வீட்டில் வாழைக்காய் பஜ்ஜி தின்றுகொண்டிருந்தேன். ரூம் சாவி வீட்டு ஆணியில் தொங்கியது. வீட்டில் ஒரே ஓர் ஆள்தான் இருந்தார்.

"அதுவும் நான்தான்மா" என்றேன்.

அவள் நிம்மதியாக மூச்சு விட்டது காதில் கேட்டது. முதல் பொய்யை எனக்காகச் சொன்னேன். இந்தப் பொய்யை அவளுக்காகச் சொன்னதாக அன்றைக்கு நினைத்துக்கொண்டேன்.

வெளியே வந்தால் அவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். "யார்ட்டட்டி இவ்வளவு நேரம் பேசுத?" என்றார்.

"ரூம் கேட்டு ஒரு பொம்பள" என்றேன்.

நாலாம் நம்பருக்குப் போய்த் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மழை நாளில் ஆளில்லாத ரூம். அந்த வியாழனுக்கு முந்தின நாள்தான் நான் கூட்டித் துடைத்திருந்தேன். படுக்காத கட்டிலில் விரிப்பை எதற்கு மாற்ற வேண்டும்? ஊதுபத்தி எந்த வாசனையை மறைக்க? விரிப்பைப் பார்த்தே ஆளைச் சொல்கிற நான், அந்த விரிப்பைப் பார்க்கவே இல்லை. நான் வருவதற்குள் அதைத் துவைத்துக் கொடியில் போட்டிருந்தார். அதற்கும் சேர்த்துத்தான் ஊரெல்லாம் பெருமை பேசியிருக்கிறேன்.

டிவியில் இப்போது கணக்கு எதுவும் இல்லை. ஆனாலும் அந்த வியாழக்கிழமையைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்கிறேன். பஸ்ஸை விட்டு இறங்குகிறேன், அவர் வாசலில் நிற்கிறார், என் கையிலிருந்த பையை வாங்கிக்கொள்கிறார், சிரிக்கிறார். ஒவ்வொரு தடவை பார்க்கும்போதும் அந்தச் சிரிப்பு கொஞ்சம் அதிகமாகத் தெரிகிறது.

அடுத்த சீசன் வந்துவிட்டது. இன்னும் அவரிடம் கேட்கவில்லை. கேட்டால் அவரும் பிள்ளை தலையில் அடித்துச் சத்தியம் செய்வார். அதை நம்பச் சொல்லி எனக்குப் போன் செய்ய யாரும் இல்லை.