அசையாமல் நின்ற தெரு

போன வாரம் என் மகன் அவன் போனில் ஒரு பழைய சலனப்படத்தைக் காட்டினான். வெள்ளைக்காரன் காலத்தில் திண்டிவனத்தில் எடுத்ததாம், எங்கேயோ பெட்டியில் கிடந்து இப்போது வெளியே வந்திருக்கிறதாம். "ஏம்மா, அந்தக் காலத்து ஜனங்க இப்படி வெறைச்சிக்கினு நிக்கிறாங்க?" என்று கேட்டான். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. விறைத்து நிற்பது எங்கள் தெரு. அதில் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு கண்ணை உருட்டி நிற்கிற பாவாடைக்காரி நான்தான். எனக்கு அப்போது ஏழு வயது.

படம் எடுக்க வந்தவர்கள் முதல் நாளே தமுக்கடித்துச் சொல்லிவிட்டார்கள். தினப்படி எப்படியோ அப்படியே நடமாடுங்கள், அவரவர் வேலையைப் பாருங்கள் என்று. கேட்டால்தானே! எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் ஸ்டுடியோவில் எடுக்கிற போட்டோ ஒன்றுதான். அங்கே மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும், ஆடினால் முகம் கலங்கிப்போகும். அதனால் விடிந்ததும் தெருவே எண்ணெய் தேய்த்துக் குளித்து, பெட்டியில் இருந்த பட்டுத் துணியெல்லாம் எடுத்துக் கட்டிக்கொண்டு வரிசையாக நின்றுவிட்டது. கடைக்காரர் தூக்கிய தராசோடு நின்றார். நாவிதர் ஒருவரின் தாடையில் கத்தியை வைத்தபடி நின்றார். மல்லாக்கொட்டை மூட்டை ஏற்றி வந்த வண்டிக்காரர் மூக்கணாங்கயிற்றை இறுக்கிப் பிடித்து மாட்டையும் நிற்க வைத்தார். நடங்க, நடங்க என்று படக்காரர் தொண்டை வற்றக் கத்தினார். ஒருவராவது அசையணுமே.

எங்களுக்குப் பின்னால் வாசலில் அத்தை நின்றிருந்தாள், அப்பாவின் தங்கை. சின்னதில் வந்த காய்ச்சலில் இடது கால் சூம்பிப்போய், சாய்ந்து சாய்ந்துதான் நடப்பாள். விழுப்புரத்தில் ரயில்வே வேலையில் இருந்த ஒருவர் அவளைப் பெண் பார்த்து, சம்மதம் சொல்லிவிட்டுப் போய் ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. அவர்கள் வருமுன்பே அப்பா அத்தையைப் பாயில் உட்கார வைத்துவிட்டார். அவள் எடுத்து வர வேண்டிய வெற்றிலைத் தட்டு என் கையில் போயிற்று. வந்தவர்கள் வண்டி ஏறும் வரை அவளை எழுந்திருக்கவே விடவில்லை. தாலி ஏறிவிட்டால் அப்புறம் நடந்தால் என்ன, தவழ்ந்தால் என்ன என்பது அப்பாவின் எண்ணம். அதற்குப் பிறகு மூன்று நாள் அத்தை சரியாகச் சாப்பிடவில்லை. சந்தோஷத்தில் பசிக்கவில்லையாக்கும் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

படக்காரரோடு வந்த ஆளிடம் அத்தை மெதுவாகக் கேட்டாள்.

"இத விழுப்புரத்துலயும் காட்டுவீங்களா?"

காட்டுவோம், கொட்டகையில் பெரிய படத்துக்கு முன்னால் போடுவோம் என்றார் அவர்.

அத்தை கழுவிக் கவிழ்த்திருந்த குடத்தை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு தெருவில் இறங்கினாள். நட்டநடுத் தெருவில், படப்பெட்டிக்கு நேராக, கிணறு வரைக்கும் போனாள். அப்படியே திரும்பி வந்தாள். புடவையைத் தழைத்து மறைக்கவும் இல்லை, நடையை மாற்றவும் இல்லை. அவளும் ஒரு சொறிநாயும்தான் அந்தப் படத்தில் நடக்கிறார்கள். அப்பா பாவம், என்ன செய்வார்? கோட்டு மாட்டிக்கொண்டு நிற்கிறார், அசைந்தால் படம் கெட்டுவிடும். இப்போது பார்த்தாலும் தெரிகிறது, உடம்பு மரக்கட்டையாக நிற்க, கண் மட்டும் அத்தையோடு போய் அத்தையோடு திரும்புகிறது.

குடும்ப மானத்தைக் கப்பலேற்றிவிட்டாள் என்று அப்பா அவளோடு பேசுவதையே விட்டுவிட்டார். விழுப்புரத்தில் படம் ஓடுகிறது என்று தெரிந்த வாரம் அவருக்குத் தூக்கமே இல்லை. ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை தனியாக ரயிலேறி வந்து வாசலில் நின்றார். கல்யாணம் நின்றது என்றுதான் எல்லாரும் நினைத்தோம். படத்தில் இருப்பது வேறு யாரோ என்று சொல்ல அப்பா வாயெடுத்தார். அதற்குள் அத்தை செம்பில் தண்ணீர் எடுத்துக்கொண்டு, உள்ளேயிருந்து மாப்பிள்ளை எதிரே நடந்தே வந்தாள்.

"என் காலப் பாத்தீங்களா?"

"மூணு நாளு கொட்டாய்க்குப் போய்ப் பாத்தேங்க. ஊரே பயந்துக்கினு நிக்குது, நீங்க மட்டும் நடந்து வர்றீங்க. பாத்துட்டுதான் வந்தேன்."

செம்பை வாங்கிக் குடித்தார். தை மாதம் கல்யாணம். அத்தையின் தைரியம் போல ஒன்றை இத்தனை வருஷத்தில் நான் வேறு யாரிடமும் பார்க்கவில்லை. ஆனால் அதற்குத் தைரியம் என்று பெயர் என்பது அன்றைக்கு எனக்குத் தெரியவே தெரியாது.

எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான். கிணற்றுக்குப் போன குடம் காலியாகத் திரும்பி வந்தது. படத்திலும் தெரிகிறது, அவள் நடைக்கு அது இடுப்பில் துள்ளித் துள்ளி வருகிறது. படப்பெட்டியைக் கண்ட பதற்றத்தில் அத்தை தண்ணீர் மொள்ளவே மறந்துவிட்டாள் என்று கல்யாணப் பந்தலில் வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். மணவறையில் உட்கார்ந்திருந்த அத்தையும் அதைக் கேட்டு என்னோடு சேர்ந்து சிரித்தாள்.