போயா தினத்தில் நான் ஊற்றச் சொன்ன டீ

மற்றவர்கள் சொல்லி நீங்கள் கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். கண்டியில் கடற்கரை விற்ற முட்டாள் நான்தான். எந்தப் பக்கம் போனாலும் மலை இறங்கி மணிக்கணக்காக ஓடினால்தான் கடலைப் பார்க்கலாம் என்கிற ஊரில் இருந்துகொண்டு, “ஒரே நாளில் வரலாறு, பீச், கிராஃப்ட் பியர்” என்று இணையத்தில் போட்டேன். அதற்கு ஆட்களும் வந்தார்கள். கைட் லைசன்ஸ் இருபத்திரண்டு வருடமாகக் கழுத்தில் தொங்குகிறது. மூளையைப் பரிசோதித்துவிட்டு அதைக் கொடுப்பதில்லை என்பதற்கு நான் ஓர் அத்தாட்சி.

தொழிலுக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் என்னிடம் கதை கேட்பார்கள். நான் பீச் கதையைச் சொல்வேன், எல்லோரும் சிரிப்பார்கள், அத்தோடு நிறுத்திக்கொள்வேன். அந்தக் கதைக்கு மிச்சம் ஒன்று இருக்கிறது. அதை இதுவரை நான் யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

1. கண்டி பீச்

பீச் என்று நான் சொன்னது மகாவலியில் ஒரு மணல் திட்டு. பேராதனையைத் தாண்டிக் கொஞ்சத் தூரத்தில் ஆறு வளைகிற இடத்தில், மழை குறைந்த மாதங்களில், ஒரு வேன் நிறைய ஆட்கள் உட்காரும் அளவுக்கு மணல் வெளியே தெரியும். அங்கே இரண்டு நீலக் குடை, ஆறு பிளாஸ்டிக் கதிரை, ஒரு ஐஸ் பெட்டி. விளம்பரத்தில் “ரிவர் பீச்” என்றுதான் போட்டிருந்தேன். ரிவர் என்பதைக் கொஞ்சம் சின்ன எழுத்தில் போட்டிருந்தேன், அவ்வளவுதான். ஆரம்பத்தில் இரண்டு தென்னங்கன்றைச் சட்டியோடு வேனில் ஏற்றிக்கொண்டு போய் மணலில் நட்டு வைப்பேன். ஒரு பிரெஞ்சுக்கார அம்மா சட்டியைக் கண்டுபிடித்து அதோடு படம் எடுத்துக்கொண்ட பிறகு அதை விட்டுவிட்டேன்.

காலையில் தலதா மாளிகை, பழைய அரண்மனை, குளத்தைச் சுற்றி ஒரு நடை. மதியம் மணல் திட்டில் சோற்றுப் பார்சல், முழங்கால் அளவுத் தண்ணீர். பின்னேரம் ஹந்தானை மலைக்கு ஏறும் வழியில் ஒரு சின்ன ஹோட்டல். பத்து அறைதான். ஆனால் கொழும்புப் பக்கமிருந்து சின்ன அளவில் காய்ச்சுகிற கிராஃப்ட் பியரை கெக் என்கிற பீப்பாயில் வரவழைத்து, டாப் என்கிற குழாயைத் திறந்து ஊற்றிக் கொடுப்பார்கள். கீழே கண்டி முழுவதும் தெரியும். எப்படிப்பட்ட முசுடும் அந்த இடத்தில் இளகிவிடுவான். இளகினால் ஐந்து நட்சத்திரம் போடுவான். நான் அந்த நட்சத்திரத்துக்காக உயிர்வாழ்ந்த காலம் அது.

2. திருச்சிக் காலண்டர்

நான் சொல்ல வந்தது நடந்த வாரம் வந்தவர்கள் பெல்ஜியத்துக்காரர்கள் நாலு பேர். இரண்டு ஜோடி. அவர்களில் லூக் என்கிற பெரியவர் தபால்காரராக இருந்து ஓய்வுபெற்றவர். அவர்கள் ஊரில் கோவில் திருவிழா மாதிரி பியருக்குத் திருவிழா எடுப்பார்களாம். வெள்ளிக்கிழமைக்குத்தான் பதிந்திருந்தார்கள். மழை அறிவித்தல் பார்த்துவிட்டு, சனிக்கிழமைக்கு மாற்றலாமா என்று கேட்டார்கள். நான் சுவரைத் திரும்பிப் பார்த்துவிட்டு, தாராளமாக என்றேன்.

சுவரில் இருந்தது திருச்சியிலிருந்து என் மச்சான் வருடா வருடம் கொடுத்தனுப்பும் தினசரிக் காலண்டர். அதில் பௌர்ணமி ஞாயிற்றுக்கிழமை என்று போட்டிருந்தது. நம் ஊர்ப் பௌர்ணமி விடுமுறையான போயா சில மாதங்களில் அதற்கு ஒரு நாள் முந்திவிடும் என்பது கண்டியில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். நான் குழந்தை இல்லையே, ஐம்பத்தி மூன்று வயது. “நாளைக்குமா ட்ரிப்பு?” என்று மனைவி முதல் நாள் கேட்டாள். வழக்கமான அலுப்பு என்று நினைத்து, உழைத்தால்தானே சாப்பாடு என்று அவளுக்கு ஒரு பிரசங்கம் வைத்தேன்.

சனிக்கிழமை காலையில் டவுனுக்குள் இறங்கினால் வீதி முழுக்க வெள்ளை உடுப்பு. கையில் தாமரைத் தட்டு. எல்லோரும் ஏன் வெள்ளையில் இருக்கிறார்கள் என்று லூக் கேட்டார். நான் தொழில்காரன் இல்லையா, குரலைக் கனைத்துக்கொண்டு ஆரம்பித்தேன். இன்று பௌத்தர்களுக்குப் புனித நாள், போயா, சனங்கள் விகாரைகளில் சில் என்கிற நோன்பு அனுஷ்டிப்பார்கள், இறைச்சிக் கடைகள் மூடியிருக்கும், தீவு முழுவதும் மதுபானம் விற்பது தடை.

கடைசி வசனத்தை என் வாய் சொல்லி முடித்த பிறகுதான் அது என் காதுக்கு வந்து சேர்ந்தது. ஆங்கிலத்தில் நானே எனக்கு விளங்கப்படுத்தியிருக்கிறேன்.

லூக் சிரித்தார். அப்படியானால் இன்று நாங்களும் நல்ல பிள்ளைகள், டீ குடிக்கிறோம், ஹந்தானை டீதான் உலகத்துக்கே பேர் போனதாமே என்றார். அவருடைய மனைவியும் தலையாட்டினார். இதை நீங்கள் மறக்காமல் வைத்துக்கொள்ள வேண்டும். அந்த மனிதர் பியர் கேட்கவில்லை. வேண்டாம் என்றே சொன்னார்.

மணல் திட்டில் நாள் நன்றாகவே போனது. கடல் எங்கே என்று கேட்டார்கள். இந்தத் தண்ணீர் திருகோணமலைக்குத்தான் போகிறது, நாம் கொஞ்சம் முந்தி வந்துவிட்டோம் என்றேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஆனால் என் தலைக்குள் விளம்பரத்தின் மூன்றாவது சொல் உருண்டுகொண்டே இருந்தது. வரலாறு கொடுத்தாயிற்று, பீச் என்று எதையோ கொடுத்தாயிற்று, பியர் இல்லாவிட்டால் ஒரு நட்சத்திரம் குறையுமே.

3. டீபொட்

நம் நாட்டில் போயா தினத்தன்று சில ஹோட்டல்களில் ஒரு வழக்கம் உண்டு. பியரை டீபொட்டில் ஊற்றி, கப் சோசரோடு மேசைக்குக் கொண்டுவருவார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் நாலு வெள்ளைக்காரர்கள் ஒழுக்கமாக டீ குடிக்கிறார்கள். தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும், யாரும் சத்தமாகப் பேசுவதில்லை.

ஆனால் ஹந்தானை ஹோட்டல் முதலாளி அந்த வழக்கத்துக்கு இடம் கொடுக்காதவர். சிங்கள மனிதர், தமிழும் நன்றாகப் பேசுவார். போயா என்றால் தாயாரைக் கூட்டிக்கொண்டு காலையிலேயே விகாரைக்குப் போய்விடுவார், பொழுது சாய்ந்துதான் வருவார். அவர் இல்லாத நேரத்தில் பொறுப்பு புஷ்பாவிடம்.

புஷ்பா ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்த பெண். அவளுடைய அப்பா என் அப்பாவின் கடையில் சாமான் வாங்குகிறவர், அந்தப் பழக்கத்தில் நாலு வருடத்துக்கு முன்னால் நான்தான் அவளை இந்த ஹோட்டலில் சொல்லிச் சேர்த்துவிட்டேன். பாத்திரம் கழுவ வந்தவள், மேசையில் பரிமாற வந்தாள், ஆங்கிலம் பிடித்துக்கொண்டாள். அடுத்த மாதம் முதல் ரெஸ்டூரண்ட் சூப்பர்வைசர். கடிதம் டைப் பண்ணி முதலாளியின் மேசை லாச்சியில் இருப்பதாக அவளே ஒரு தடவை எனக்குச் சொன்னாள். அந்த வேலையோடு ஹோட்டலுக்குப் பின்னால் ஓர் அறையும் சேர்ந்து வரும். மகளைக் கூட்டிக்கொண்டு லயத்திலிருந்து இறங்கிவிடலாம் என்றிருந்தாள்.

நாலு மணி போல் போய்ச் சேர்ந்தோம். ஆட்களை வெளியே பால்கனியில் உட்கார வைத்துவிட்டு நான் உள்ளே போனேன். என் முகத்தைப் பார்த்ததுமே அவளுக்கு விளங்கிவிட்டது.

“இன்னைக்குப் போயா அண்ணே. டாப்பு பூட்டியிருக்கு.”

“சாவி யாருகிட்ட?”

“எங்கிட்டதான். அதனாலதான் சொல்றேன், வேணாம்.”

டீபொட்டில் ஊற்றிக் கொடு, ஊரில் நடக்காததா என்றேன். மற்ற இடங்களில் நடக்கும், நம்ம சேருக்குப் பிடிக்காது என்றாள். மதுவரி ஆட்கள் வந்தால் ஹோட்டல் லைசன்ஸ் போய்விடும் என்றாள். அருமையான டீ இருக்கிறது, தானே ஊற்றித் தருகிறேன் என்றாள். எல்லாம் நியாயம். நியாயமாகப் பேசுகிறவரிடம் பதில் இல்லாதபோது என்னைப் போன்றவர்கள் என்ன செய்வார்களோ அதை நான் செய்தேன்.

“ஒன்ன இங்க சேத்துவிட்டது யாரு புஷ்பா?”

அவள் ஏப்ரன் பொக்கற்றுக்குள் கையை விட்டுச் சாவியை எடுத்தாள்.

வெள்ளைப் பீங்கான் டீபொட் இரண்டு. லூக் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, இது சரியா, யாருக்கும் தொல்லை இல்லையே என்று கேட்டார். நான் கண்ணடித்தேன். அந்தக் கண்ணடிப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் காது சுடும்.

இரண்டாவது கப் ஊற்றிக்கொண்டிருக்கும்போது முதலாளியின் கார் வந்து நின்றது. தாயாருக்குத் தலை சுற்றியதால் நேரத்தோடு கூட்டி வந்துவிட்டார். இரண்டு பேரும் வெள்ளை உடுப்பு. தாயார் உள்ளே போனார். முதலாளி விருந்தினருக்கு வணக்கம் சொல்லலாம் என்று சிரித்துக்கொண்டே பால்கனிக்கு வந்தார். டீபொட் மூக்கில் நுரை நின்றுகொண்டிருந்தது. டீ எப்படி நுரைத்தாலும் அப்படி நுரைக்காது.

அவர் சத்தம் போடவில்லை. எங்களை ஒரு பக்கமாகக் கூப்பிட்டார். புஷ்பாவிடம் சிங்களத்தில் ஏதோ மெதுவாகக் கேட்டார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“ராஜன், இது யார் சொல்லி நடந்தது?”

என்ன பதில் சொல்ல வேண்டும் என்பது எனக்குத் தெரியும். ‘நான்’ என்பது சின்னச் சொல். ஆனால் அந்த ஒரு நொடியில் எனக்கு இந்த ஹோட்டல் இனிக் கிடையாது, லைசன்ஸ் கொடுத்த இடம் வரைக்கும் பேச்சுப் போகும் என்று எல்லாம் ஓடிவிட்டது.

“நான் டீதான் சேர் கேட்டேன்” என்றேன்.

புஷ்பா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. முதலாளியைப் பார்த்து, தான்தான் டாப்பைத் திறந்ததாகச் சிங்களத்தில் சொன்னாள். அது பொய் இல்லை. திறந்தது அவள்தான். என் பேரை மட்டும் அவள் எடுக்கவில்லை. சாவியை அவர் வாங்கிக்கொண்டார். அவள் ஏப்ரனைக் கழற்றி மடித்துக் கதிரையின் மேல் வைத்துவிட்டு, பின்வாசலால் இறங்கிப் போனாள்.

திரும்பி வரும்போது வேனில் வைத்து, அந்தப் பெண்ணுக்கு ஏதாவது பிரச்சினையா என்று லூக் கேட்டார். சேச்சே, அது அவர்கள் வழக்கமான பேச்சு, நாளைக்கு எல்லாம் சரியாகிவிடும் என்றேன். அவர் நம்பிவிட்டார். ஐந்து நட்சத்திரம் போட்டார். எங்கள் கைட் எங்களுக்காக எதையும் செய்யத் துணிந்தவர் என்று எழுதியிருந்தார். இணையத்தில் என் பக்கத்தில் இன்னும் அது மேலேயே நிற்கிறது. அழிக்க வழி தேடினேன். வாடிக்கையாளர் எழுதியதை நாம் அழிக்க முடியாதாம்.

4. மூன்று வாரம் கழித்து

மூன்று வாரம் நான் அந்த மலைப் பக்கம் போகவில்லை. பியர் இல்லாமல் ட்ரிப்பை முடித்து, ஆட்களிடம் டாப் பழுது என்று சொன்னேன். கடைசியில் ஒரு நாள் காலையில் ஆட்கள் யாரும் இல்லாமல், வெறும் வேனை ஓட்டிக்கொண்டு ஹோட்டலுக்குப் போனேன். முதலாளி தோட்டத்தில் நின்றார். நான்தான் சொன்னேன் சேர், அவள் முடியாது என்றுதான் சொன்னாள் என்று ஒரே மூச்சில் ஒப்புவித்தேன்.

தெரியும் என்றார் அவர். நாலு வருடம் தன்னிடம் வேலை செய்த பிள்ளை, அவளாக டாப்பைத் திறப்பாளா என்று கேட்டார். நீ சொல்வாய் என்று அந்த இடத்திலேயே காத்திருந்தேன், அடுத்த நாளும் காத்திருந்தேன் என்றார். என்றாலும் சாவி அவள் கையில் இருந்தது, அதனால் அன்று அவளை அனுப்பியது பிழை என்று தான் நினைக்கவில்லை என்றார். பிறகு தன் ஆளை லயத்துக்கு அனுப்பித் திரும்ப வரச் சொன்னாராம். “கூப்பிட்டேன். வரமாட்டேன் என்றுவிட்டாள்.” அதைச் சொல்லிவிட்டு அவர் செடிக்குத் தண்ணீர் விடத் தொடங்கினார். என்னை உட்காரச் சொல்லவில்லை.

தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இரண்டுதான். காலண்டரை இந்த ஊரில் வாங்குங்கள். இன்னொன்று, ஒரு மனிதருக்கு நாம் எப்போதோ செய்த நல்லதை எடுத்து அவர் முன்னால் நீட்டாதீர்கள். அதை நீட்டியபோதே நான் தவறியாயிற்று, முதலாளியிடம் சொன்ன பொய் அதற்குப் பிறகு வந்தது. ஆட்களைச் சிரிக்க வைத்துக்கொண்டே நாள் முழுக்க ஓட்டுகிறவனுக்கு இது தெரியாமலே காலம் போய்விடும். எனக்குப் போனது.

புஷ்பா வத்தேகமவில் ஒரு பேக்கரியில் வேலைக்கு நிற்பதாகக் கேள்விப்பட்டு அடுத்த நாள் அங்கே போனேன். சந்தை நாள், கடைக்குள் நல்ல கூட்டம். வழி நெடுக வேனுக்குள் பேசிப் பழகிக்கொண்டு போயிருந்தேன். ஆங்கிலத்தில் மூன்று நூற்றாண்டு வரலாற்றை நிறுத்தாமல் சொல்கிறவன், என் முறை வந்ததும் முதலில் ஒரு பகிடி விட்டேன். கண்டி பீச்சில் பனிஸ் கடை போடலாமா என்று. அவள் இடுக்கியைக் கையில் பிடித்தபடி நின்றாள். பிறகுதான் சொல்ல வந்ததைச் சொன்னேன். முதலாளியிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டுவிட்டேன், தப்பு முழுக்க என்னுடையது, கடிதம் இன்னும் லாச்சியில்தான் இருக்கும், நானே கூட்டிக்கொண்டு போகிறேன், என்னை மன்னித்துவிடு தங்கச்சி என்று, கொஞ்சம் நீளமாகவே சொன்னேன்.

அவள் கடைசி வரைக்கும் கேட்டாள். அதற்குப் பிறகு சொன்னாள்:

“பின்னால ஆளுங்க நிக்கிறாங்க, தள்ளிக்கங்க.”