கறம்பக்குடி நான்சி

என் அத்தைக்கு நான்சி என்று பெயர் வைத்தது அவளேதான். கோடை விடுமுறை தொடங்கியிருந்த ஒரு காலையில், மல்லிகைச் செடிக்கு அந்தப் பக்கம் நின்று பூ எடுத்துக்கொண்டிருந்தவள், "இன்னைலேர்ந்து நான் நான்சி, நீ மிஸ்டர் ஜான்சன்" என்றாள். ஆறாம் வகுப்புக்குப் போகவிருந்த எனக்கு, பெண் பிள்ளையாக இருந்தும், மிஸ்டர் ஆவதில் ஆட்சேபம் எதுவும் இருக்கவில்லை. ஜான்சன் என்ன வேலை பார்க்கிறார் என்று மட்டும் கேட்டேன். அவர் வேலையெல்லாம் பார்ப்பதில்லை, போன் பண்ணிச் சண்டை போடுவார் என்றாள். எனக்கு அவரை இன்னும் பிடித்துப்போயிற்று.

அத்தை என் அப்பாவின் ஒரே தங்கை. தாத்தா போனபோது அவள் கைக்குழந்தையாம். இடுப்பில் தூக்கி வளர்த்தது அப்பாதான். புதுக்கோட்டையில் காலேஜ் முடித்துவிட்டு வந்தவளுக்கு, வீட்டில் கல்யாணப் பேச்சு எடுப்பதற்குள் ஒரு வேலைக்குப் போய்விட வேண்டும் என்று ஒரே பிடிவாதம். சென்னையில் ஒரு கம்பெனி இருக்கிறது, அங்கே அமெரிக்காக்காரர்கள் போன் செய்து டெலிபோன் பில் ஏன் இப்படி வந்திருக்கிறது என்று கோபமாகக் கேட்பார்கள், நாம் கோபப்படாமல் பதில் சொல்ல வேண்டும், அதுதான் வேலை என்று விளக்கினாள்.

"அதுக்கு எதுக்கு மெட்ராஸ் வரைக்கும் போகணும்? இங்க ஒங்கண்ணன் தெனமும் கோவமாத்தான் கேக்குறாரு, அவருக்குப் பதில் சொல்லு" என்றாள் அம்மா.

அப்பா, "பாப்போம்" என்றார். அவர் சம்மதிக்கிறாரா இல்லையா என்று அந்தச் சொல்லை வைத்து யாராலும் கண்டுபிடிக்க முடியாது. அத்தை தனக்குச் சாதகமாக எடுத்துக்கொண்டு வேலையில் இறங்கினாள்.

கம்பெனிக்காரர்கள் போனிலேயே இன்டர்வியூ செய்வார்கள். இங்கிலீஷ் பேசினால் மட்டும் போதாது, அமெரிக்காக்காரர்கள் மாதிரி பேச வேண்டும், அதுவும் ஒப்பிக்கிற மாதிரி இல்லாமல் இயல்பாக வர வேண்டும் என்று காலேஜ் தோழி ஒருத்தி சொல்லியிருந்தாள். அத்தை கறம்பக்குடி கடைத்தெருவில் ஒரு செல்போன் கடையில் மெமரி கார்டு நிறையப் பாடங்களை ஏற்றிக்கொண்டு வந்தாள். அதில் ஒரு வெள்ளைக்காரப் பெண் பேசுவாள். எங்கள் டீச்சர் பல்லைக் கடித்துக்கொண்டு 'வாட்டர்' என்று சொல்லிக்கொடுத்ததை அவள் 'வாடர்' என்று வழுக்கிவிட்டுப் போவாள். 'ர' சொல்லும்போது நாக்கு எதன்மேலும் படக் கூடாது, வாய்க்குள் சும்மா சுருண்டு நிற்க வேண்டும் என்பாள். எங்கள் வீட்டில் யாருடைய நாக்கும் அதுவரை சும்மா நின்றதில்லை. அத்தை நாக்கைச் சுருட்டிச் சுருட்டித் தாடை வலி கண்டு, ராத்திரி உப்புத் தண்ணீரில் வாய் கொப்பளித்தாள். "நான்சி, கஞ்சி ஆறுது வா" என்று கூப்பிடுவது அம்மாவுக்குப் பொழுதுபோக்காகிவிட்டது.

விடிகாலையில் மொட்டு மலர்வதற்குள் பூவை எடுத்துவிட வேண்டும். எனவே எங்கள் அமெரிக்கா காலையில், தோட்டத்தில்தான் நடந்தது. செடி வரிசைக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவள். நான் ஜான்சனாக இருமுவேன், கத்துவேன், மேனேஜரைக் கூப்பிடு என்று அதட்டுவேன். அவள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே பூ எடுப்பாள். வேடிக்கை என்னவென்றால், உச்சரிப்பு அவளுக்கு முன்பே எனக்கு வந்துவிட்டது. எனக்கு இங்கிலீஷ் ஒழுங்காகத் தெரியாது. அதனால் மறக்க வேண்டியது எதுவும் என்னிடம் இல்லை. இன்று பெங்களூரில் உட்கார்ந்துகொண்டு அமெரிக்காவில் இருக்கிறவர்களோடு தினமும் பேசுகிறேன். எங்கே கற்றுக்கொண்டாய் என்று அவர்கள் கேட்கும்போதெல்லாம் எனக்கு மூக்கில் மல்லிகை வாசம் அடிக்கிறது.

ஜான்சன் ஒரு நாள், நீ எங்கிருந்து பேசுகிறாய் என்று நான்சியைக் கேட்டார். ஊர்ப் பெயரைச் சொல்லவே கூடாது, சிரித்து மழுப்பிவிட வேண்டும் என்பது தோழி சொன்ன பாடம். அத்தை அழகாக மழுப்பினாள். மோட்டார் போட வந்த அப்பா நின்று, என்ன பேசுகிறீர்கள் என்று என்னிடம் கேட்டார். சொன்னேன்.

"ஏன், நம்ம ஊரச் சொன்னா என்னவாம்?" என்றார்.

"சொன்னா அவங்க மதிக்க மாட்டாங்கண்ணே. போன வச்சிருவாங்க" என்றாள் அத்தை.

எங்கள் பக்கத்தில் ஒருவரைப் பார்த்தால் பேரைக் கேட்பதற்கு முன்பே ஊரைக் கேட்பார்கள். அதிலும் அப்பா ஒரு படி மேலே. தவறிப்போய் வருகிற போனைக்கூட எந்த ஊர் என்று கேட்காமல் வைக்க மாட்டார். அப்படி ஒரு ராங் நம்பர் எங்கள் வீட்டுக் காதுகுத்துக்கே வந்து சாப்பிட்டுவிட்டுப் போயிருக்கிறது. அன்று அவர் மோட்டாரைப் போட்டுவிட்டு வெகுநேரம் தொட்டியின் மேலேயே உட்கார்ந்திருந்தார்.

இன்டர்வியூவுக்கு முந்தைய நாள், அப்பா தன் முடிவைச் சொன்னார்.

"நம்ம வீட்டுப் புள்ளய யாரோ ஒருத்தர் போன்ல கூப்புடுறாருன்னா, யாரு எவருன்னு நான் ஒரு வார்த்த கேக்க வேணாமா?"

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று அத்தை நினைத்தாள். மறுநாள் மதியம், போனில் முகம் தெரியாது என்று தெரிந்திருந்தும் புதுச் சுடிதார் போட்டுக்கொண்டு, சிக்னல் நன்றாகக் கிடைக்கிற பலாமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். அம்மா கோழிகளை அடைத்தாள். அத்தையின் போன் அடித்ததும் அப்பா எடுத்தார். போன் என்றாலே அவருக்கு ஸ்பீக்கர்தான்; அதனால் நாங்கள் எல்லாரும் கேட்டோம்.

"வணக்கமுங்க. நான் அந்தப் புள்ளையோட அண்ணன் பேசுறேன். சாப்புட்டாச்சுங்களா?"

அந்தப் பக்கமிருந்து சுருட்டிய நாக்கில் ஏதோ இங்கிலீஷ் வந்தது.

"அது இருக்கட்டும் தம்பி. ஒங்களுக்கு எந்த ஊரு?"

"சென்னைதான் சார்."

"மெட்ராஸ்ல யாருக்குங்க ஊரு இருக்கு? அப்பா அம்மா எந்த ஊரு?"

"அறந்தாங்கிப் பக்கங்க."

"அங்கிட்டா, இங்கிட்டா?"

"ஆவுடையார்கோவில் போற வழிங்க. எங்கய்யாவும் வெவசாயந்தான்."

அவ்வளவுதான். அப்பா நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டார். அந்த ஊரில் தான் மாடு வாங்கிய வீடு, அந்த வீட்டுக்குப் பக்கத்து வீடு, அவர்கள் பெண் கொடுத்த ஊர் என்று சுற்றி வந்து, கடைசியில் அந்த மனிதரைத் தனக்குத் தம்பி முறையாக்கி முடித்தார். பெண் பிள்ளைகள் எங்கே தங்குகிறார்கள், ராத்திரி வேலை முடிந்தால் வண்டியில் யார் கொண்டுவந்து விடுவார்கள் என்றெல்லாம் விசாரித்து, தன் போன் நம்பரையும் கொடுத்தார். அத்தை இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டிருந்தாள்.

"இந்தா ஆத்தா, நம்ம தம்பிதான். பயப்படாமப் பேசு" என்று போனை நீட்டினார்.

அந்தத் தம்பி மறுபடி அமெரிக்காக்காரர் ஆனார். ஆனால் நான்சி வரவில்லை. கோடை முழுக்க ஒரு வெள்ளைக்காரரை மனதில் வைத்துப் பழகியவளால், ஆவுடையார்கோவில் வழியில் அய்யா விவசாயம் பார்க்கிற ஒருவரிடம் நாக்கைச் சுருட்ட முடியவில்லை. அவளுடைய பழைய காலேஜ் இங்கிலீஷ்தான் வந்தது. உங்கள் ஊரைப் பற்றிச் சொல்லுங்கள் என்றார் அவர். மல்லிகையை ஏன் மொட்டாக எடுக்கிறோம், வெயில் ஏறினால் என்ன ஆகும் என்று அவள் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனாள். ஒரு 'ர' கூடச் சுருளவில்லை. போனை வைத்ததும், "எல்லாத்தையும் கெடுத்துட்டீங்கண்ணே" என்று அழுதுகொண்டே உள்ளே போனாள். ராத்திரி சாப்பிடவில்லை.

நான் அத்தை கட்சி. அப்பாவைத் தண்டிக்க, அவரிடம் இனி அமெரிக்க இங்கிலீஷில் மட்டுமே பேசுவது என்று தீர்மானித்தேன். சில நாட்கள் அவர் எதைக் கேட்டாலும் ஜான்சன்தான் பதில் சொன்னார். அப்பா திட்டாமல் கேட்டுக்கொண்டிருந்தார். அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

பிறகு ஒரு நாள் அந்தத் தம்பி அப்பாவின் போனிலேயே கூப்பிட்டார். "அண்ணே, தங்கச்சி நல்லாப் பேசுது. தடங்கல் இல்லாமப் பேசுறதுதான் முக்கியம். ஆக்சென்ட்ட இங்க வந்து பழகிக்கிறலாம். அனுப்பி வைங்க."

அத்தை அப்பாவின் முகத்தையே பார்த்தாள். வேண்டாம் என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், எல்லாம் முடிந்துவிடும். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "என்னைக்கிப் பொறப்படணும்?" என்று கேட்டார். அத்தை மறுபடி அழுதாள். அம்மாவும் சேர்ந்துகொண்டாள்.

பஸ் ஏற்றிவிடப் போனபோது அவளுடைய பெட்டியை அப்பா கடைசிவரை கீழே வைக்கவில்லை. "அங்க ஊரச் சொல்லக் கூடாதுன்னா சொல்லாத ஆத்தா. வீட்டுக்குப் பேசுறப்ப மட்டும் நீயாப் பேசு" என்றார். அவள் தலையை ஆட்டினாள்.

பள்ளிக்கூடம் திறந்தது. பூவைக் கடையில் போட்டுவிட்டு வந்து அப்பா என்னை வண்டியில் கொண்டுபோய் விடுவார். வண்டி கண்மாய்க் கரையில் ஏறியதும், "நான்சி பேசுறதப் பேசு, கேப்பம்" என்பார். நான் ஜான்சனில்தான் தொடங்குவேன். இருமலும் அதட்டலுமாகப் பிரமாதப்படுத்திக்கொண்டிருக்கும்போதே, "அது கெடக்கட்டும். ஒங்கத்த பேசுறத மட்டும் பேசு" என்று வெட்டிவிடுவார். வேண்டா வெறுப்பாக அவள் குரலில், அவள் தடுமாறுகிற இடங்களில் தடுமாறி, மன்னிப்புக் கேட்டு முடிப்பேன். வண்டி மெதுவாகிவிடும். "இன்னொருக்கா" என்பார். பின்னால் உட்கார்ந்திருந்த எனக்கு அவர் முதுகு மட்டும்தான் தெரியும். பிரேயருக்கு நேரமாகிறது என்று கவலையாக இருக்கும். கூடவே அவர்மேல் கொஞ்சம் பரிதாபமும் வரும். அச்சு அசல் அமெரிக்காக்காரராக நான் பேசுகிற ஜான்சனை விட்டுவிட்டு, 'ர' கூடச் சரியாக வராத நான்சியைத் திரும்பத் திரும்பக் கேட்கிறாரே, பாவம், அப்பாவுக்கு நல்ல இங்கிலீஷ் எது என்றே தெரியவில்லை என்று நினைத்துக்கொள்வேன்.