என் மாமனார் குறுக்கே நின்ற நாள்

என் மாமனார் கண்ணாடி பார்க்காமல்தான் முகச்சவரம் செய்துகொள்வார். விடிந்ததும் தோட்டத்துக் குழாயடியில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, நுரையைக் குழைத்துப் பூசி, இடது கை விரல்களால் தாடையைத் தடவிப் பார்த்தபடியே பிளேடை இழுப்பார். ஒரு கீறல்கூட விழாது. கல்யாணமாகி ஆரணிக்கு வந்த முதல் வாரத்தில், பாவம், கண்ணாடி இல்லாமல் சிரமப்படுகிறாரே என்று என் கைக்கண்ணாடியைக் கொண்டுபோய் நீட்டினேன். "வாணாம்மா. பதுங்குகுழியில கண்ணாடி வச்சிகினு இருந்தா வெயில்ல மின்னும். மின்னுச்சுன்னா சுட்டுடுவான். அப்போ வந்த பழக்கம்" என்றார். போரைப் பற்றி அவர் வாயிலிருந்து நான் கேட்ட முதல் பேச்சு அதுதான். அதற்குப் பிறகு வெகுகாலம் வேறெதுவும் கேட்கவில்லை.

தெருவில் அவரை மிலிட்டரிக்காரர் என்பார்கள். பட்டு நெய்கிற குடும்பத்தில் பிறந்து, மீசை முளைக்கிற வயதில் தறியிலிருந்து எழுந்து பட்டாளத்துக்குப் போனவர். கிழக்கு எல்லையில் நடந்த போரில் முழங்காலில் குண்டுச் சில்லு பாய்ந்தது. அந்தக் கால் அப்புறம் சரியாக மடங்கவே இல்லை. தறியில் உட்கார முடியாது என்பதால், பட்டாளத்தை விட்டு வந்தபின் ஒரு வங்கியின் வாசலில் காவலராக நின்றார். அவர் மனைவி நான் மருமகளாக வருவதற்கு முன்பே இறந்துபோனார். வீட்டில் இருந்தவர்கள் அவரும், அவருடைய ஒரே மகனான என் கணவரும், அவருடைய அக்காவும்தான். அக்காவை நாங்கள் அத்தை என்று கூப்பிடுவோம். இளம் வயதிலேயே கணவனை இழந்து பிறந்த வீட்டோடு வந்துவிட்டவர். வீட்டில் நல்லது கெட்டது எதுவானாலும் அத்தை சொன்னதுதான் முறை. மிலிட்டரிக்காரரும் அக்கா பேச்சுக்கு மறுபேச்சுப் பேசி நான் பார்த்ததில்லை.

என் கணவர் இரண்டு விசைத்தறி போட்டு ஓட்டிக்கொண்டிருந்தார். ஒரு நாள் சேவூரிலிருந்து வண்டியில் திரும்பி வரும்போது லாரி மோதியது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டது. எங்கள் மகளுக்கு அப்போது நாலு வயது. மாமனார் மகனுக்குச் செய்ய வேண்டியதையெல்லாம் வாய் திறக்காமல் செய்தார். சுடுகாட்டிலிருந்து வந்ததும் பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தவர், அவள் தூங்கிய பிறகும் இறக்கி விடவில்லை.

காரியத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் என்னைக் கூடத்தில் மணைபோட்டு உட்கார வைத்தார்கள். முகத்துக்கு மஞ்சள் பூசினார்கள். தலை கொள்ளாமல் பூ வைத்து, முழங்கை வரைக்கும் கண்ணாடி வளையல் அடுக்கினார்கள். அத்தனையும் பறிப்பதற்குத்தான் என்பது அங்கிருந்த எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். எனக்கு எதிலும் மனம் இல்லை. வளையலை உடைத்தால் என்ன, கையையே உடைத்தால் என்ன என்றிருந்தது.

அப்போதுதான் வாசல் பந்தலில் ஆண்களோடு உட்கார்ந்திருந்த மாமனார், காலை இழுத்து இழுத்து உள்ளே வந்தார். சுற்றியிருந்த பெண்கள் விலகினார்கள். எனக்கும் அவர்களுக்கும் நடுவில் வந்து நின்றுகொண்டு, "யாரும் இது மேல கை வைக்க வாணாம்" என்றார்.

அத்தைக்குப் புரியவில்லை. "இன்னாடா பேசற? பொம்பளைங்க சமாச்சாரத்துல உனக்கு இன்னா வேல? போ வெளிய."

"போவ மாட்டேன்க்கா. பூவும் பொட்டும் அது இஷ்டம். எடுக்கணும்னு தோணுச்சுன்னா அதுவே எடுத்துக்கும். நீங்க யாரும் எடுக்க வாணாம்."

"ஊருல நாலு பேரு இன்னா சொல்லுவான்?"

"சொல்லிகினு போவட்டும்."

அத்தையின் முகம் மாறியதை நான் கீழே உட்கார்ந்தபடி பார்த்தேன். கோபம் மாதிரிதான் இருந்தது. ஆனால் குரல் உடைந்து வந்தது. "எனக்கு மட்டும் பண்ணீங்களேடா! எனக்குப் பண்றப்போ நீ எங்கடா போன?"

மாமனார் அக்காவை நேராகப் பார்த்தார்.

"எல்லையில இருந்தேன்க்கா" என்றார். "இப்போ இங்க இருக்கேன்."

வந்திருந்த பெண்கள் ஒவ்வொருவராக எழுந்து போகும்வரை அவர் அந்த இடத்தை விட்டு நகரவில்லை. அந்தக் காலோடு அவ்வளவு நேரம் நிற்கக்கூடியவர் அல்ல. வேட்டிக்குள் முழங்கால் நடுங்கிக்கொண்டிருந்தது. நன்றி சொல்ல எனக்குத் தோன்றவில்லை. உண்மையில் பயமாக இருந்தது. எல்லாருக்கும் ஒரு வழி இருக்கும்போது எனக்கு மட்டும் வழியில்லாமல் செய்துவிட்டாரோ என்று இருந்தது. சில மாதங்கள் கழித்து ஒரு காலையில், தலைக்குக் குளித்துவிட்டு, தாலியை நானே கழற்றி மகளுக்கென்று பெட்டியில் எடுத்து வைத்தேன். யாரும் அறுக்காமல், யாரும் பார்க்காமல், என் கையாலேயே. அவர் எனக்கு என்ன செய்திருக்கிறார் என்று அன்றைக்குத்தான் விளங்கியது.

தறிகளை விற்றுவிட்டோம். புடவைக்குக் கம்ப்யூட்டரில் டிசைன் போட்டுத் தரும் கடை ஒன்றில் நான் வேலைக்குச் சேர்ந்தேன். வேலை பிடித்திருந்தது. காலம் அப்படியே போய்விடும் என்று நினைத்திருந்தபோது, போளூரில் இருந்த என் அம்மாவைப் பார்க்க மாமனாரும் நானும் பஸ்ஸில் போனோம். வழியில் ஒரு கூட்டு ரோட்டைக் காட்டி, "இந்த ரோட்டுல போனா ஒரு ஊரு வரும். என் சிநேகிதன் ஊரு" என்று ஆரம்பித்தார்.

சிநேகிதன் அவரோடு ஒரே குழியில் இருந்தவன். வயிற்றில் குண்டு பட்டு, அவர் மடியிலேயே உயிர் விட்டவன். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. "சாவறப்போ எங்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் சொன்னான். அவ சின்னப் பொண்ணுடா, வேற கல்யாணம் பண்ணிக்கச் சொல்லுன்னான்." காயம் ஆறி லீவு கிடைத்ததும் மாமனார் முதலில் போனது அந்த வீட்டுக்குத்தான். ஆனால் அந்தப் பெண்ணைப் பார்க்க விடவில்லை. அவள் உள்ளறையில் மூலையில் உட்கார்ந்திருக்கிறாள், வெளி ஆம்பளை பார்க்கக் கூடாது என்றார்கள். சொல்ல வந்ததை வாசலில் நின்று அவளுடைய மாமனாரிடம் சொன்னார். அவர் கேட்டுக்கொண்டு, கும்பிட்டு, கதவைச் சாத்திக்கொண்டார்.

"அந்தப் பொண்ணு காதுல விழுந்துச்சா இல்லியான்னு இன்னி வரிக்கும் எனக்குத் தெரியாது. உள்ள பூந்து சொல்லிட்டு வந்திருக்கணும். சண்டையில அவ்ளோ தூரம் போனவனுக்கு ஒரு வாசப்படி தாண்ட தைரியம் வரல." ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே சொன்னார். "அதான் உங்கிட்ட நேராவே சொல்றேன். நீ இன்னொரு கல்யாணம் பண்ணிக்கம்மா. வாணாம்னா விட்டுடு. ஆனா நான் சொல்லாம போய்ட்டேன்னு ஆவக்கூடாது."

எனக்குக் கோபம்தான் வந்தது. "உங்க புள்ளைய அதுக்குள்ள மறந்துட்டீங்களா மாமா?" என்று கேட்டுவிட்டேன்.

"அவன் எம் புள்ளம்மா" என்றார். அவ்வளவுதான்.

நான் சரியென்று சொல்ல வெகுகாலம் ஆயிற்று. சேவூரில் தறி மெக்கானிக்காக இருந்தவர், மனைவியை நோயில் பறிகொடுத்தவர், டிசைன் விஷயமாக எங்கள் கடைக்கு வந்துபோவார். அவர் கேட்டார். நான் மாமனாரிடம் சொன்னேன். மறுநாளே டவுன் பஸ் ஏறி அவர் வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். "ஒண்டியா இருந்தும் ஊட்ட ஊடா வச்சிகினு இருக்கான். காபிகூட நல்லா போடறான்" என்றார். கோயிலில் எளிமையாகக் கல்யாணம் நடந்தது. என் அண்ணன் வரவில்லை. அத்தை வீட்டை விட்டு வெளியே வரவில்லை. என் அப்பா உயிரோடு இல்லாததால், அப்பா நிற்க வேண்டிய இடத்தில் மாமனார் நின்று என் கையைப் பிடித்துக் கொடுத்தார். மேளம் ஓய்ந்த பிறகு அவரைக் காணோம். தேடிப்போன மகள் திரும்பி வந்து, "தாத்தா பின்னாடி செவத்தப் பாத்துகினு அழுவுறாரும்மா" என்றாள். மகனும் போய், மருமகளும் பேத்தியும் போய், அன்று மாலை அவர் அக்காவோடு தனியாக வீடு திரும்பினார். அதைத் தெரிந்துதான் செய்தார்.

இந்த வருஷம் தை மாதத்தில் அவர் போய்ச் சேர்ந்தார். விடியற்காலையில் படுக்கையிலேயே. பழைய பட்டாளத்துக்காரர்கள் சிலர் வந்து, விறைப்பாக நின்று சல்யூட் வைத்தார்கள். கொள்ளி யார் வைப்பது என்று உறவினர்கள் கூடிப் பேச ஆரம்பித்தபோது, அத்தை உள்ளிருந்தே குரல் கொடுத்தார். "இன்னாத்துக்குப் பேசிகினு இருக்கீங்க? சேவூர்க்காரன் வைப்பான்." என் கணவர்தான் வைத்தார்.

பதினாறாம் நாள் எல்லாருக்கும் புதுத்துணி கொடுத்தோம். அத்தைக்கு வழக்கம்போல வெள்ளை. அவர் அதை வாங்கி மடியில் வைத்திருந்துவிட்டு, என்னிடம் திருப்பிக் கொடுத்தார்.

"இது வாணாம். கலர்ல ஒண்ணு எடுத்துகினு வா."

"இன்னா கலரு அத்தை?" என்றேன்.

"அரக்கு." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார். "சண்டை முடிஞ்சு மொத லீவுல வந்தான் பாரு, அப்போ எனக்குன்னு வடக்கேருந்து அரக்குல ஒரு பட்டு வாங்கியாந்தான். எங்க ஊட்டுக்காரு செத்த சேதி அவனுக்குப் போய்ச் சேரல. கையில புடவையோட உள்ள வந்தான். நான் மூலையில உக்காந்துகினு இருக்கேன். பாத்தான். புடவைய எடுத்துகினு அப்படியே வெளிய போய்ட்டான். அத இன்னா பண்ணான்னு நானும் கேக்கல, அவனும் சொல்லல."

பஸ்ஸில் அவர் எனக்குச் சொன்னது பாதிக் கதைதான். அந்தக் கூட்டு ரோட்டிலிருந்து அவர் நேராக எங்கே வந்து சேர்ந்தார் என்பதை அன்றைக்கு அவர் சொல்லவில்லை.

அன்று மத்தியானமே பட்டுப் புடவைக் கடைக்குப் போனேன். நானே டிசைன் போட்ட கரையோடு அரக்குப் பட்டு ஒன்று இருந்தது. எடுத்து வந்து, அத்தைக்கு நானே கட்டிவிட்டேன். உடம்பு பஞ்சாக இருந்தது. பட்டின் கனம் தாங்காமல் தோள் சரிந்தது. "கொஞ்சம் தூக்கிக் கட்டு, தடுக்கும்" என்றார். கொசுவத்தைச் சரிசெய்து நான் எழுந்ததும், என் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நடந்தார்.

"தெருக் கதவ நல்லா தொறந்து வை" என்றார். "வாசல்ல போய் நிக்கணும்."