வெள்ளவத்தையில் ஒரு டொனிபுரூக்

அயர்லாந்தில், டப்ளின் நகரத்தை ஒட்டி டொனிபுரூக் என்று ஓர் ஊர். முன்னொரு காலத்தில் அங்கே ஆண்டுதோறும் பெரிய சந்தை கூடுமாம். சந்தை என்றால் குடி, குடி என்றால் அடிதடி. அந்த அடிதடியின் புகழ் பரவிப் பரவி, கூட்டமாகச் சண்டை போடுவதற்கே ஆங்கிலத்தில் அந்த ஊரின் பெயர் வந்துவிட்டது. கப்பலேறிப் போனவர்கள் பெயரையும் கையோடு கொண்டுபோனார்கள். அவுஸ்திரேலியாவிலும் தென்னாபிரிக்காவிலும் டொனிபுரூக்குகள் இருக்கின்றன. வெள்ளவத்தையில், கடற்கரைக்கு இறங்கும் ஓர் ஒழுங்கையில், ஒரு பழைய வீட்டுக் கேற்றிலும் ஒன்று தொங்கியது.

இதெல்லாம் நான் வளர்ந்த பிறகு தேடிப் படித்தது. அந்த வீட்டின் பின்பக்க அனெக்சில் நாங்கள் வாடகைக்கு இருந்தபோது எனக்கு ஏழு வயது. அப்பா கட்டாரில் வேலை. முன்வீட்டில் வீட்டுக்காரியான, ஐரோப்பியர் வழிவந்த பறங்கி ஆன்டி தனியாக இருந்தார். அவருடைய தாத்தா மலைநாட்டில் ஓர் ஐரிஷ் துரையிடம் வேலை செய்தவர். துரையின் பங்களாவுக்கு இருந்த பெயர் பிடித்துப்போய்ப் பலகையில் எழுதி மாட்டிவிட்டாராம். அர்த்தம் யாருக்கு வேண்டும்?

எங்கள் வீட்டில் அந்தச் சொல்லுக்கு வேறு அர்த்தம். அது போர்க்காலம். அம்மாவின் தம்பி, என் மாமா, யாழ்ப்பாணத்திலிருந்து வந்து எங்களோடு தங்கியிருந்தார். வடக்கிலிருந்து வந்து கொழும்பில் தங்குகிறவர்களுக்கு வேண்டிய பொலிஸ் பதிவு அவருக்கு இன்னும் கிடைக்கவில்லை. சோதனையில் அகப்பட்டால் கொண்டுபோய்விடுவார்கள். அப்படிப் போனவர்களில் பலர் திரும்பி வரவில்லை என்று பெரியவர்கள் கதைத்தது என் காதிலும் விழுந்திருந்தது. ஒழுங்கையில் ஜீப் சத்தம் கேட்டால் அம்மா மெதுவாக, "தம்பி, டொனிபுரூக்" என்பார். மாமா சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டுக் குசினிக் கதவால் முன்வீட்டுக்குப் போய்விடுவார். நான் மூச்சுக் காட்டக் கூடாது. ஆகவே டொனிபுரூக் என்றால் அமைதி என்றே விளங்கி வைத்திருந்தேன். பிறகு கிருலப்பனைக்கு வீடு மாறியபோது அந்தச் சொல்லும் கூடவே வந்தது. இன்றும் என் மகளை நித்திரையாக்கும்போது அம்மா அதைத்தான் சொல்கிறார்.

ஒரு ஞாயிறு காலை சோதனைக்கு வந்த பொலிஸ்காரர்கள் எங்கள் அனெக்சைப் பார்த்ததோடு போகவில்லை. முன்வீட்டையும் பார்க்க வேண்டும் என்றார்கள். அம்மாவின் கை என் தோளை வலிக்க வலிக்க இறுக்கியது. ஆறடி மாமாவை ஆன்டியின் படுக்கையறையில் மறைப்பது முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை.

முன்னால் நின்ற அதிகாரி சிவப்புச் சீமெந்துத் தரையில் சப்பாத்தை வைத்தார். அவ்வளவுதான். முதல் நாள் முழுக்க முழங்காலில் நின்று பொலிஷ் போட்ட தரை அது. "மேக மகே கெதர!" என்று ஆன்டி அலறினார். இது என் வீடு என்று சிங்களத்தில் தொடங்கியவர், ஆங்கிலத்துக்குத் தாவி, மறுபடி சிங்களத்துக்கே வந்தார். தரை கூட்டுகிற தும்புத்தடியைத் தூக்கினார். தன் சொந்தப் பீங்கான் கோப்பையைத் தானே எடுத்து நிலத்தில் அடித்தார். சத்தம் கேட்டு ஒழுங்கையே கேற்றடிக்கு வந்துவிட்டது. மீன்காரர் சைக்கிளை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார். தேவாலயத்துக்குப் புறப்பட்ட பெண்கள் குடையோடு நின்றார்கள்.

எனக்கு மானம் போனது. இவ்வளவு நல்ல வெள்ளைச் சட்டை போட்ட ஆன்டி, வெறும் சப்பாத்து அழுக்குக்காக இப்படியா கத்துவது?

"ஹரி, ஹரி, நோனா," என்றார் அதிகாரி, சரி சரி அம்மா என்று சமாதானம் சொல்வதுபோல. அத்தனை பேர் பார்க்க ஒரு கிழவியோடு மல்லுக்கட்ட அவருக்கும் கூச்சமாக இருந்திருக்க வேண்டும். அறைகளைப் பார்க்காமலே இறங்கிப் போனார்கள். ஜீப் சத்தம் பிரதான வீதியான காலி வீதிப் பக்கம் தேய்ந்த பிறகுதான் மாமா வெளியே வந்தார்.

அம்மா பிளேன்டி ஊற்றிக் கொடுத்தார். ஆன்டியின் கையில் கோப்பை தடதடவென்று ஆடி, தேநீர் அந்தப் பளபளத்த தரையெல்லாம் சிந்தியது. "ஒண்ணுமில்ல மகள், ஒண்ணுமில்ல," என்று அவர் தமிழில் திரும்பத் திரும்பச் சொன்னார். அம்மா அந்த இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அழுதார்.

தரை மறுபடி அழுக்காகிவிட்டது, ஆன்டியின் கோபம் இன்னும் ஆறவில்லை, அடுத்த அடி எங்களுக்குத்தான் என்று பயந்து, நான் மாமாவின் முதுகுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டேன்.